மொன்டானாவின் இரண்டாவது நாற்காலி

அமெரிக்காவின் வடமேற்கில் கனடா எல்லையை ஒட்டி இருக்கிறது மொன்டானா மாநிலம். பரப்பளவு சுமார் 3,80,000 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 10,84,225. இவ்வளவு பெரிய நிலம் வாஷிங்டனுக்கு அனுப்புவது நான்கே பேரை. இரண்டு செனட்டர்கள், பிரதிநிதிகள் சபைக்கு இரண்டு உறுப்பினர்கள். அந்த இரண்டாவது உறுப்பினருக்கான இடம் முப்பது ஆண்டுகள் பறிபோயிருந்து, 2023 ஜனவரியில்தான் திரும்பி வந்தது.

கலிஃபோர்னியாவுக்கு 52 இடங்கள். அங்கே ஓர் இடம் கூடினாலும் குறைந்தாலும் ஒரு நாள் செய்தியோடு முடிந்துவிடும். மொன்டானாவில் ஓர் இடம் போனால் பாதிக் குரல் போய்விடும். அதனால்தான் இந்த மாநிலத்தின் வரலாற்றில், தேர்தலில் யார் வென்றார் என்பதோடு எந்த விதிப்படி எண்ணினார்கள், யார் தொகுதிக் கோடு போட்டார்கள், யார் யாரை நியமித்தார்கள் என்பதும் தெருவுக்கு வந்து சண்டையாகியிருக்கிறது. மக்களாட்சியை அதன் விதிகள் வழியாகப் புரிந்துகொள்ள நினைக்கும் எவருக்கும் நான் முதலில் மொன்டானாவைத்தான் காட்டுவேன்.

1864 மே 26 அன்று மொன்டானா ஒரு பிரதேசமாக அமைக்கப்பட்டது. பிரதேசம் என்றால் மாநில அந்தஸ்து கிடையாது. ஆளுநரை நியமிப்பவர் அமெரிக்க அதிபர். பிரதிநிதிகள் சபைக்கு ஒரு பிரதிநிதி போகலாம், பேசலாம், ஆனால் வாக்களிக்க முடியாது. பிரதேசத்துச் சட்டமன்றம் போடும் சட்டத்தை வாஷிங்டன் தூக்கி எறியலாம். 1867-இல் அப்படியே நடந்தது. பொறுப்பு ஆளுநர் தாமஸ் ஃபிரான்சிஸ் மாஹர் கூட்டிய இரண்டாவது, மூன்றாவது சட்டமன்றங்களுக்கு அதிகாரமே இல்லை என்று சொல்லி, அவை இயற்றிய சட்டங்கள் அனைத்தையும் அமெரிக்க நாடாளுமன்றம் செல்லாதவையாக்கியது. ஆக, இங்கே சட்டமன்ற வரலாறு தொடங்கியதே சட்டமன்றம் செல்லுமா செல்லாதா என்ற கேள்வியோடுதான்.

1889 நவம்பர் 8 அன்று மொன்டானா 41-ஆவது மாநிலமானது. முதல் கூட்டத்தொடர் அதற்கடுத்த சில வாரங்களிலேயே முட்டுச்சந்தில் நின்றது. மாநில செனட்டில், அதாவது மேலவையில், மொத்தம் 16 பேர், ஜனநாயகக் கட்சிக்கு எட்டு, குடியரசுக் கட்சிக்கு எட்டு. கீழவையில் யாருக்குப் பெரும்பான்மை என்பதை, பியூட் நகரம் இருக்கும் சில்வர் போ கவுன்டியின் (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு) ஐந்து இடங்கள் முடிவு செய்ய வேண்டும். அந்த ஐந்தும் ஒரே ஒரு வாக்குச்சாவடியில், 34-ஆம் எண் சாவடியில் தொங்கிக்கொண்டிருந்தன. ரயில்பாதைக்குச் சுரங்கவழி தோண்டிய தொழிலாளர்கள் வாக்களித்த சாவடி அது. அங்கே பதிவான வாக்குகள் செல்லும் என்றது ஒரு கட்சி, செல்லாது என்றது மற்றது.

விளைவு, இரண்டு கீழவைகள் தனித்தனியாகக் கூடின. மேலவையில் கோரம், அதாவது அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை, சேரக் கூடாது என்று ஜனநாயகக் கட்சியினர் வராமல் இருந்தார்கள். அந்தக் கூட்டத்தொடரில் ஒரு சட்டம்கூட நிறைவேறவில்லை. அக்காலத்தில் அமெரிக்க செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தவை மாநிலச் சட்டமன்றங்கள்தான். எனவே இரு தரப்பும் ஆளுக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்ப, இரண்டு நாற்காலிகளுக்கு நான்கு பேர் வாஷிங்டன் போய் நின்றார்கள். குடியரசுக் கட்சி அனுப்பியவர்கள் வில்பர் சாண்டர்ஸ், தாமஸ் பவர். எதிரணி அனுப்பியவர்கள் வில்லியம் கிளார்க், மார்ட்டின் மகின்னிஸ். அப்போது அமெரிக்க செனட் குடியரசுக் கட்சியின் கையில் இருந்தது. 1890 ஏப்ரலில் சாண்டர்ஸையும் பவரையும் ஏற்றுக்கொண்டு மற்ற இருவரையும் திருப்பி அனுப்பியது.

இப்படி நடந்ததற்குக் காரணம் அந்தத் தேர்தல் முறையிலேயே இருந்தது. 1866-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கென்று ஒரு சட்டம் போட்டிருந்தது. மாநிலச் சட்டமன்றம் அமைந்த பின் வரும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை இரு அவைகளும் தனித்தனியே வாக்களிக்க வேண்டும். இரண்டிலும் ஒரே பெயர் பெரும்பான்மை பெறாவிட்டால், மறுநாள் நண்பகலில் இரு அவைகளும் ஒன்றாகக் கூட வேண்டும். அதிலும் முடிவாகாவிட்டால், கூட்டத்தொடர் முடியும்வரை அல்லது யாராவது தேர்வாகும்வரை தினமும் குறைந்தது ஒரு சுற்று வாக்கெடுப்பு. படிக்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் வேட்பாளர்கள் மூன்று பேராகி எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால், வாரக்கணக்கில் சட்டமன்றம் இந்த ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கும். வாக்கு போடுபவர் நூற்றுக்கும் குறைவு. ஒவ்வொருவரும் எந்த விடுதியில் தங்கியிருக்கிறார், எவ்வளவு கடன் வைத்திருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். தினமும் நண்பகலில் அவர் மனம் மாற ஒரு வாய்ப்பு. லஞ்சம் கொடுக்க இதைவிட வசதியான ஏற்பாட்டை வேண்டுமென்றே திட்டமிட்டால்கூடச் செய்ய முடியாது.

1893-இல் சட்டமன்றம் கூடி, முடிவெடுக்காமலே கலைந்தது. ஆளுநர் லீ மேன்டில் என்பவரை நியமித்து அனுப்பினார். அமெரிக்க செனட் ஏற்கவில்லை. சட்டமன்றம் விடுமுறையில் இருக்கும்போது ஏற்படும் காலியிடத்தைத்தான் ஆளுநர் நிரப்பலாம், சட்டமன்றம் தன் கடமையைச் செய்யத் தவறியதால் காலியான இடத்தை நிரப்ப அவருக்கு உரிமை இல்லை என்பது செனட்டின் நிலை. 1895 ஜனவரிவரை மொன்டானாவுக்கு ஒரே ஒரு செனட்டர்தான் இருந்தார்.

அடுத்து வந்தது 1899. வில்லியம் கிளார்க் செம்புச் சுரங்க முதலாளி, வங்கியாளர், அக்கால அமெரிக்காவின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். செனட்டராவது அவருக்கு வாழ்நாள் ஆசை. அவருடைய பரம எதிரி அனகோண்டா செம்பு நிறுவனத்தை நிறுவிய மார்கஸ் டேலி. இருவரும் ஒரே கட்சி, ஜனநாயகக் கட்சி. ஜனவரி 10 அன்று, முதல் வாக்கெடுப்புக்கு முன்பாக, ஃப்ரெட் வைட்சைட் என்ற மாநில செனட்டர் எழுந்து, கிளார்க்கின் ஆட்கள் வாக்குகளுக்காகக் கொடுத்தது என்று சொல்லி உறைகளில் 30,000 டாலர் ரொக்கத்தை எல்லோர் முன்னும் காட்டினார். அவை அதிர்ந்தது. முதல் சுற்றில் கிளார்க்குக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வாக்குகள் விழுந்தன.

ஆனால் வாக்கெடுப்புதான் தினமும் நடக்குமே. நாள் போகப்போக அவருடைய எண்ணிக்கை ஏறியது. பணத்தைக் காட்டிய வைட்சைட்டின் தேர்தலே செல்லாது என்று தீர்மானித்து அவரை அவையிலிருந்து வெளியேற்றினார்கள். ஜனவரி 28 அன்று கிளார்க் 54 வாக்குகளோடு செனட்டரானார். எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் பதினைந்து பேரில் பதினோரு பேர் அவருக்கு வாக்களித்திருந்தார்கள்.

டேலி தரப்பு விடவில்லை. வாஷிங்டனில் செனட்டின் தேர்தல் குழு மாதக்கணக்கில் சாட்சிகளை விசாரித்து, 1900 ஏப்ரலில் கிளார்க்கின் தேர்வு செல்லாது என்று ஒருமனதாக அறிக்கை கொடுத்தது. அவை வாக்கெடுப்புக்குப் போகுமுன் மே 15 அன்று கிளார்க் தானே ராஜினாமா செய்தார். இந்த இடத்தில்தான் கதையின் உச்சம். மொன்டானா ஆளுநர் ராபர்ட் ஸ்மித் கிளார்க்குக்கு எதிரானவர். அவரைச் சுரங்க வழக்கு ஒன்றின் பேரில் கலிஃபோர்னியாவுக்கு வரவழைத்திருந்தார்கள். ஆளுநர் மாநிலத்தை விட்டு வெளியே போனால் துணை ஆளுநர்தான் பொறுப்பு ஆளுநர். துணை ஆளுநர் ஸ்ப்ரிக்ஸ் கிளார்க்கின் ஆள். ராஜினாமாவால் இடம் காலியானதும், அதே நாளில் அதே கிளார்க்கை அதே இடத்துக்கு அவர் நியமித்தார். ஸ்மித் அவசரமாகத் திரும்பி வந்து அதை ரத்து செய்துவிட்டு மகின்னிஸை நியமித்தார். செனட் இருவரையுமே உட்காரவிடவில்லை. 1901 மார்ச்வரை அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. அடுத்த தேர்தலில் தனக்குச் சாதகமான சட்டமன்றம் அமைந்ததும், கிளார்க் 1901-இல் முறையாகத் தேர்வாகி ஆறு ஆண்டுகள் செனட்டராக இருந்துவிட்டுப் போனார்.

செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற 17-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1913 ஏப்ரலில் நிறைவேறியது. அதற்காக வாதாடியவர்கள் கையில் கிளார்க் விவகாரம் முக்கியமான சான்றாக இருந்தது. திருத்தத்துக்கு மொன்டானா அந்த ஆண்டு ஜனவரியிலேயே ஒப்புதல் கொடுத்திருந்தது. நேரடித் தேர்தல் வந்ததும் தில்லுமுல்லு ஒழிந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். நியமன அதிகாரம் ஆளுநரிடமே இருந்தது. 1933-இல், அட்டர்னி ஜெனரல் பதவி ஏற்க ரயிலில் போய்க்கொண்டிருந்த செனட்டர் தாமஸ் வால்ஷ் வழியிலேயே இறந்தார். டீபாட் டோம் எண்ணெய் ஊழலை விசாரித்து வெளிக்கொண்டுவந்தவர் அவர்தான். காலியான இடத்தை நிரப்ப வேண்டிய ஆளுநர் எரிக்சன் தன் பதவியை ராஜினாமா செய்தார். அவருக்குப் பதிலாக ஆளுநரான குனி, எரிக்சனையே செனட்டராக நியமித்தார். சட்டப்படி இதில் பிழையில்லை. அடுத்த ஆண்டு கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்தலிலேயே மக்கள் எரிக்சனைத் தோற்கடித்தார்கள். நேரடித் தேர்தலின் பயன் இதுதான். குறுக்கு வழியில் உட்காரலாம், நீடிக்க முடியாது.

மாநிலச் சட்டமன்றத்தின் மீது செம்பு நிறுவனங்களின் பிடி அதைவிடப் பலமானது. 1903 அக்டோபரில், பியூட்டின் உள்ளூர் நீதிபதி ஒருவர் தங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்ததும், அனகோண்டாவைத் தன்வசம் வைத்திருந்த அமால்கமேட்டட் நிறுவனம் மாநிலம் முழுக்கத் தன் சுரங்கங்களையும் உருக்காலைகளையும் மூடியது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் குளிர்காலம் நெருங்கும் நேரத்தில் தெருவில் நின்றார்கள். வேலை திரும்பக் கிடைக்க நிறுவனம் வைத்த நிபந்தனை, சிறப்புக் கூட்டத்தொடர் கூட்டி, ஒரு தரப்பு விரும்பாத நீதிபதியிடமிருந்து வழக்கை வேறு நீதிபதிக்கு மாற்றச் சட்டம் இயற்ற வேண்டும் என்பது. ஆளுநர் டூல் பணிந்தார், ஆலைகள் திறந்தன. டிசம்பரில் சட்டமன்றம் கூடியது, சட்டம் நிறைவேறியது. சட்டத்தின் உள்ளடக்கம் நியாயமானதாகக்கூட இருக்கலாம். ஒரு நிறுவனம் மாநிலத்தின் அடுப்பை அணைத்துவிட்டுச் சட்டம் கேட்டதுதான் இங்கே பிரச்சினை.

இதற்கு வாக்காளர்கள் பதில் சொன்னது 1912-இல். மக்களே கையெழுத்து திரட்டிச் சட்ட முன்மொழிவை நேரடியாக வாக்குச்சீட்டில் கொண்டுவரும் உரிமை 1906 முதல் இங்கே உண்டு. அந்த வழியில், வேட்பாளருக்கோ கட்சிக்கோ நிறுவனங்கள் பணம் செலவிடுவதைத் தடைசெய்யும் ஊழல் தடுப்புச் சட்டத்தை அவர்கள் நிறைவேற்றினார்கள். நூறு ஆண்டுகள் அந்தச் சட்டம் நின்றது. 2011 டிசம்பரில் மொன்டானா உச்ச நீதிமன்றம், மாநிலத்தின் இந்த வரலாற்றையே காரணமாகக் காட்டி அதைக் காப்பாற்றப் பார்த்தது. 2012 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், வாய்மொழி வாதம்கூடக் கேட்காமல் அதைத் தள்ளியது. கிளார்க்கின் உறைகளை நேரில் பார்த்த மக்கள் போட்ட சட்டம் அது. அதற்கு ஒரு நாள் விசாரணையாவது கொடுத்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

பிரதிநிதிகள் சபைக்கு வருவோம். 1910 கணக்கெடுப்புக்குப் பிறகு மொன்டானாவுக்கு இரண்டாவது இடம் கிடைத்தது. ஆனால் மாநிலத்தை உடனே இரண்டு தொகுதிகளாகப் பிரிக்கவில்லை. 1912 முதல் மூன்று தேர்தல்களில் மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள், அதிக வாக்கு பெறும் இருவர் உறுப்பினர்கள். இந்தச் சின்ன ஏற்பாடுதான் 1916-இல் ஜனெட் ரான்கினுக்குக் கதவைத் திறந்தது. மொன்டானாவில் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1914 நவம்பரில். அந்தப் போராட்டத்துக்காக ரான்கின் கவுன்டி கவுன்டியாக அலைந்திருந்ததால், மாநிலம் முழுக்க அவரைத் தெரியாதவர் இல்லை. ஒரு வாக்கைத் தன் ஊர்க்காரருக்கோ தன் கட்சிக்காரருக்கோ போட்டுவிட்டு, இன்னொன்றை ரான்கினுக்குக் கொடுக்கலாம். அவ்வாண்டு மொன்டானா அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் வில்சனைத் தேர்ந்தெடுத்தது. குடியரசுக் கட்சியின் ரான்கினும் ஜெயித்தார். ஜனநாயகக் கட்சியின் ஜான் எவான்ஸ் முதலிடம், ரான்கின் இரண்டாமிடம். அமெரிக்க நாடாளுமன்றத்தில் முதல் பெண் உறுப்பினர் இப்படித்தான் வந்தார்.

1917 ஏப்ரல் 6 அதிகாலை, ஜெர்மனி மீதான போர்த் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்த ஐம்பது பேரில் ரான்கினும் ஒருவர். ஆதரவு 373. அதே ஆண்டு மாநிலச் சட்டமன்றம் மொன்டானாவை மேற்கு, கிழக்கு என இரு தொகுதிகளாகப் பிரித்தது. ரான்கினின் மிஸூலா விழுந்தது சுரங்கத் தொழிலாளர் செல்வாக்கோடு ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்ந்த மேற்கில். இரண்டு வாக்கு முறை போய்விட்டது. அங்கே நிற்பதைவிட மாநிலம் முழுவதும் வாக்களிக்கும் செனட் தேர்தலே மேல் என்று 1918-இல் அதற்கு நின்று, கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்தலில் சுமார் 1,700 வாக்குகளில் தோற்றார். போர் எதிர்ப்புதான் அவரைத் தோற்கடித்தது என்று பொதுவாக எழுதுகிறார்கள். அது பாதிதான் உண்மை. மறுபாதி, தொகுதிக் கோடு. 1940-இல் அதே மேற்குத் தொகுதியில் ஜெயித்து மீண்டும் போனார். 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பான் மீதான போர்த் தீர்மானம் 388-க்கு 1 என்று நிறைவேறியது. அந்த ஒன்று ரான்கின். அவருக்குப் பின் அந்தத் தொகுதிக்கு வந்தவர் மைக் மான்ஸ்ஃபீல்டு. பியூட்டில் சுரங்கத் தொழிலாளியாக இருந்து, பின்னால் பேராசிரியரானவர். 1961 முதல் 1977 வரை பதினாறு ஆண்டுகள் அமெரிக்க செனட்டின் பெரும்பான்மைத் தலைவர். அந்தப் பதவியில் அவ்வளவு காலம் வேறு எவரும் இருந்ததில்லை.

மாநிலச் சட்டமன்றத்திலோ பல பத்தாண்டுகளாக வேறொரு கோணல். மேலவையில் கவுன்டிக்கு ஒரு செனட்டர் என்பது விதி. 56 கவுன்டிகள், 56 செனட்டர்கள். 1960 கணக்கெடுப்பில் பெட்ரோலியம் கவுன்டியின் மக்கள்தொகை 894. பில்லிங்ஸ் நகரம் இருக்கும் யெல்லோஸ்டோன் கவுன்டியில் 79,016. இரண்டுக்கும் ஒரே ஒரு செனட்டர். ஒரு பெட்ரோலியம்காரரின் குரல், 88 பில்லிங்ஸ்காரர்களின் குரலுக்குச் சமம். மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளுக்கும் மக்கள்தொகைதான் அடிப்படை என்று 1964-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும், மொன்டானா சட்டமன்றத்தால் தன் இடங்களைத் தானே திருத்திக்கொள்ள முடியவில்லை. 1965-இல் கூட்டாட்சி நீதிமன்றமே கோடு போட்டுக் கொடுத்தது. தன் நாற்காலியைத் தானே வெட்டிக்கொள்ளும் சட்டமன்றம் எங்கும் கிடையாது.

அந்தப் பாடம் 1972 அரசியல் சட்டத்தில் நேராகப் பதிந்தது. அதை எழுதிய மாநாட்டில் நூறு பேர், அவர்களில் 19 பேர் பெண்கள். பதவியில் இருக்கும் அரசியல்வாதிகள் உறுப்பினராகக் கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்சிவாரியாக உட்காராமல் பெயரின் அகரவரிசைப்படி உட்கார்ந்தார்கள். இது ஏதோ அலங்காரத்துக்குச் செய்ததில்லை. கட்சிக் கொறடா ஒரு வரிசையைப் பார்த்துத் தலையசைத்தால் முப்பது கைகள் உயரும் பழக்கம் அதோடு நின்றது. 1972 ஜூனில் மக்கள் வாக்கெடுப்பில் 1,16,415-க்கு 1,13,883 என்று மயிரிழையில் அது தப்பியது.

அந்தச் சட்டப்படிதான் இன்றும் மொன்டானா சட்டமன்றம் நடக்கிறது. கீழவையில் 100 பேர், மேலவையில் 50 பேர். அடுத்தடுத்துள்ள இரண்டு கீழவைத் தொகுதிகள் சேர்ந்து ஒரு மேலவைத் தொகுதி. ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும் ஜனவரியில் தொடங்கி அதிகபட்சம் 90 வேலை நாட்கள். 1972 சட்டம் முதலில் கொடுத்தது ஆண்டுதோறும் 60 நாட்கள். 1974-இல் வாக்காளர்கள் அதை மாற்றினார்கள். 90 நாளில் இரண்டு ஆண்டு பட்ஜெட்டும் ஆயிரக்கணக்கான வரைவுகளும் முடிய வேண்டும். எனவே நாட்காட்டிதான் இங்கே எஜமான். 45-ஆம் நாளுக்குள் சாதாரண மசோதா ஒன்று மற்ற அவைக்குப் போய்ச் சேராவிட்டால் செத்தது. வரி, நிதி மசோதாக்களுக்கு மட்டும் பிந்திய கெடு. புதிதாக வரும் உறுப்பினர் பலர் இதில்தான் முதலில் கோட்டை விடுவார்கள். தேர்தலுக்கு அடுத்த நாளே வரைவுக்கு விண்ணப்பிக்காமல் ஜனவரிவரை காத்திருந்தால், வரைவாளர்களின் வரிசையில் பின்தங்கி, மசோதா கைக்கு வரும்போது கெடு நெருங்கிவிடும்.

கூட்டத்தொடர் முடிந்த பிறகு ஆளுநர் ஒரு மசோதாவை நிராகரித்தால், அதாவது வீட்டோ செய்தால், என்ன செய்வது? மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு நிறைவேறிய மசோதாவாக இருந்தால், மாநிலச் செயலாளர் 150 பேருக்கும் தபாலில் வாக்குச்சீட்டு அனுப்புவார். வீட்டில் இருந்தபடியே வாக்களித்து, இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தால் வீட்டோ முறியும். சீட்டைத் திருப்பி அனுப்ப மறப்பவர் ஆளுநருக்குத்தான் உதவுகிறார்.

1992-இல் மக்கள் இன்னொரு கட்டுப்பாட்டையும் சேர்த்தார்கள். 16 ஆண்டுக் காலத்துக்குள் ஓர் அவையில் 8 ஆண்டுகளுக்கு மேல் இருக்க முடியாது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. உறுப்பினர்கள் கீழவையிலிருந்து மேலவைக்கும் மறுபடி கீழவைக்கும் தாவுகிறார்களே தவிரப் பெரிதாக வேறெதுவும் மாறவில்லை. நீர் உரிமை, பள்ளி நிதி போன்ற சிக்கலான விஷயங்களில் பழைய நினைவு உறுப்பினரிடம் தங்காமல் அலுவலர்களிடமும் தரகர்களிடமும் போய்ச் சேர்கிறது.

அதே 1992-இல்தான் இரண்டாவது நாற்காலியும் போனது. பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களைப் பங்கிட 1941 முதல் ஒரே முறைதான். ஒவ்வொரு மாநிலத்துக்கும் முதலில் ஓர் இடம், ஆக 50. மீதி 385 இடங்களுக்கு வரிசை போட வேண்டும். மாநிலத்தின் மக்கள்தொகையை, அதற்கு இப்போதிருக்கும் இடத்தையும் அடுத்த இடத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்த எண்ணால் வகுக்க வேண்டும். இரண்டாவது இடத்துக்கு அந்த எண் 1.4142, மூன்றாவதற்கு 2.4495. கிடைக்கும் ஈவுகளை இறங்குவரிசையில் அடுக்கி, 385 வந்ததும் கோடு கிழிக்க வேண்டும்.

1990-இல் மொன்டானாவின் கணக்கு 8,03,655. வெளிநாட்டில் இருக்கும் ராணுவத்தினர் முதலானோரும் இதில் சேர்த்தி. நாடு முழுவதுக்குமான சராசரித் தொகுதி 5,72,466 பேர். ஓர் இடம் கொடுத்தால் மொன்டானா தொகுதி சராசரியைவிட 2,31,189 பேர் அதிகம். இரண்டு கொடுத்தால் தொகுதிக்கு 4,01,828, சராசரியைவிட 1,70,638 பேர் குறைவு. பின்னதே சராசரிக்கு நெருக்கம், எனவே இரண்டு இடம் கொடு என்று மொன்டானா வழக்குப் போட்டது. ஆனால் சட்டத்தில் உள்ள முறை கழித்துப் பார்ப்பதில்லை, வகுத்துப் பார்க்கிறது. 8,03,655-ஐ 5,72,466-ஆல் வகுத்தால் 1.404. 5,72,466-ஐ 4,01,828-ஆல் வகுத்தால் 1.425. விகிதப்படி ஓர் இடமே நெருக்கம். மூன்று நீதிபதிகள் கொண்ட கீழ் நீதிமன்றம் மொன்டானா பக்கம் நின்றது. 1992 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மாற்றியது. எந்த முறையிலும் யாராவது ஒருவருக்குக் குறை இருக்கும், நியாயமான முறைகளுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நாடாளுமன்றத்துக்கு உரிமை உண்டு என்றார் நீதிபதி ஸ்டீவன்ஸ். மொன்டானா கேட்ட முறையைப் பின்பற்றியிருந்தால் வாஷிங்டன் மாநிலம் ஓர் இடத்தை இழந்திருக்கும். தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். தனக்குத் தோதான சூத்திரத்தை ஒவ்வொரு மாநிலமும் கேட்கத் தொடங்கினால் கணக்குக்கு முடிவே இருக்காது.

அந்த நவம்பரில் மேற்கின் பாட் வில்லியம்ஸும் கிழக்கின் ரான் மார்லெனீயும், பதவியில் இருந்த இருவரும், மிஞ்சிய ஒரே இடத்துக்கு மோதினார்கள். வில்லியம்ஸ் நூலிழையில் வென்றார். 2010-இல் கணக்கு 9,94,416 ஆனது. இரண்டாவது இடத்துக்குச் சுமார் 10,000 பேர் குறைவு. பத்து லட்சம் பேருக்கு ஒரே உறுப்பினர். அதே சமயம் சுமார் 10,55,000 பேர் கொண்ட ரோட் ஐலண்டுக்கு இரண்டு. 2020-இல் மொன்டானாவின் எண் 10,85,407. அதை 1.4142-ஆல் வகுத்தால் சுமார் 7,67,500. வரிசையில் 434-ஆவது இடம். 435-ஆவது மினசோட்டாவுக்குப் போனது. அதற்கு 89 பேர் குறைவாக இருந்து தவறவிட்டது நியூயார்க். கணக்குப் போட்டுப் பார்த்தால், 6,400 பேர் குறைந்திருந்தாலும் மொன்டானா மறுபடி தவறவிட்டிருக்கும். ஒரு சிறு நகரத்தில் வீடு வீடாகப் போய் எண்ண மறந்தால் போகக்கூடிய எண்ணிக்கைதான் இது.

இடம் வந்ததும் கோடு போடும் வேலை, 1972 சட்டம் உருவாக்கிய ஆணையத்திடம் வந்தது. இரு அவைகளின் பெரும்பான்மை, சிறுபான்மைத் தலைவர்கள் ஆளுக்கு ஒருவராக நான்கு பேரை நியமிப்பார்கள். நால்வரும் சேர்ந்து ஐந்தாமவரைத் தலைவராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். முடியாவிட்டால் மாநில உச்ச நீதிமன்றம் நியமிக்கும். பதவியில் இருப்பவர்கள் உறுப்பினராக முடியாது. வேலை முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குச் சட்டமன்றத் தேர்தலில் நிற்கவும் முடியாது. கணக்கெடுப்பு எண்கள் வந்த 90 நாளுக்குள் நாடாளுமன்றத் தொகுதி வரைபடத்தைப் பதிவு செய்ய வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. இடம் எத்தனை என்பதற்கு 10,85,407 என்ற எண். கோடு போடுவதற்கோ மாநிலத்தில் வசிப்பவர்கள் மட்டும் அடங்கிய 10,84,225. இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதிய செய்திகள் அப்போது நிறைய.

நான்கு பேர் உடன்பட முடியாமல் தலைவரை நீதிமன்றமே நியமித்தது. 2021 நவம்பர் 12 அன்று மூன்றுக்கு இரண்டு என்று வரைபடம் முடிவானது. தலைவர் குடியரசுக் கட்சி நியமித்த இருவரோடு சேர்ந்து வாக்களித்தார். மேற்கில் மிஸூலா, பியூட், போஸ்மன், காலிஸ்பெல். கிழக்கில் பில்லிங்ஸ், கிரேட் ஃபால்ஸ், தலைநகர் ஹெலனா. எண்ணிக்கையைச் சமன்செய்ய வடக்கே பொன்டெரா கவுன்டியை இரண்டாக வெட்டினார்கள். ஹெலனா எந்தப் பக்கம் என்பதுதான் உண்மையான சண்டை. மேற்கில் சேர்த்திருந்தால் அந்தத் தொகுதி கடும் போட்டிக்களமாகியிருக்கும்.

இந்த ஆணையத்தின் பெரிய சாதனையாக நான் நினைப்பது 2003-இல் முடிந்த மாநிலச் சட்டமன்ற வரைபடம். மொன்டானாவில் ஏழு பூர்வகுடி ஒதுக்கீட்டு நிலங்கள் உண்டு. சட்டமன்றத்துக்கு வந்த முதல் பூர்வகுடி உறுப்பினர், 1932-இல் தேர்வான டாலி ஏக்கர்ஸ் என்ற அசினிபோயின் பெண். அதன் பின்னும் பல பத்தாண்டுகள் அந்த எண்ணிக்கை கூடவே இல்லை. பிக் ஹார்ன் கவுன்டியில் மக்கள்தொகையில் பாதிக்கு அருகில் பூர்வகுடிகள் இருந்தும், கவுன்டி முழுவதும் ஒரே தொகுதி என்ற முறையால் ஒருவர்கூட கவுன்டியை நிர்வகிக்கும் ஆணையராக முடியவில்லை. அதை எதிர்த்து க்ரோ இனத்தைச் சேர்ந்த ஜானீன் விண்டி பாய் தொடர்ந்த வழக்கில், 1986-இல் நீதிமன்றம் தனித்தனித் தொகுதிகள் அமைக்க உத்தரவிட்டது. வழக்குப் போட்ட அதே பெண், ஜானீன் பீஸ் என்ற பெயரில், 2000 கணக்கெடுப்புக்குப் பிந்தைய ஆணையத்தின் தலைவரானார். அந்த வரைபடத்தில் ஆறு கீழவைத் தொகுதிகளிலும் மூன்று மேலவைத் தொகுதிகளிலும் பூர்வகுடிகள் பெரும்பான்மை. சட்டமன்றம் கோபப்பட்டு, தொகுதிகளுக்கிடையே ஒரு சதவீதத்துக்கு மேல் வேறுபாடு கூடாது என்று புதுச்சட்டம் போட்டு அதைச் செல்லாததாக்கப் பார்த்தது. நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆணையம் சட்டமன்றத்திடம் பரிந்துரை கேட்க வேண்டும், கேட்டதை ஏற்க வேண்டியதில்லை.

அடுத்த ஆணையம், 2030 கணக்கெடுப்புக்கு முந்தைய 2029 கூட்டத்தொடரில் அமையும். நான்கு தலைவர்களும் யாரை நியமிக்கிறார்கள், ஐந்தாவது பெயரில் அவர்கள் உடன்படுகிறார்களா, இல்லை வழக்கம்போல நீதிமன்றத்துக்குப் போகிறதா என்பதை ஹெலனாவில் இப்போதே கவனிக்கத் தொடங்கியிருப்பார்கள்.